தூத்துக்குடி ஏலத்தில் ஆறாவது படம்

மதுரை ஜங்ஷனில் காலை ஆறரை மணிக்கு என் மச்சினன் செல்லையா ஒரு நீளமான கித்தான் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். பை காலியாகத் தொங்கியது.

"இது எதுக்குடா மாப்பிளே?" என்றேன்.

"இப்ப ஒண்ணுமில்லத்தான். திரும்பி வரும்போது உள்ள வாள் இருக்கும்."

1947, மார்கழி மாதம். செல்லையா பட்டாளத்தில் பர்மா எல்லை வரை போய், ஹவில்தாராகத் திரும்பியவன். போன இடத்தில் மற்றவர்கள் கம்பளியும் கடிகாரமும் சேர்த்தார்கள். இவன் கத்தி சேர்த்தான். பழைய பட்டாளத்து வாள், கட்டாரி, துப்பாக்கி முனையில் செருகும் ஈட்டி என்று பதினொன்று வைத்திருக்கிறான். எல்லாம் அவன் வீட்டு நடு அறைச் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த அறையில் தொட்டில் கட்ட மாட்டேன் என்று அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள்.

அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நான் அச்சாபீஸ்களுக்குப் படத்தகடு செய்கிறவன். ப்ளாக் மேக்கர் என்றால் மேலக் கோபுரத் தெருவில் தெரியும். எனக்கு ஓவியர் கையொப்பமிட்ட அச்சுப் படங்கள் மேல் பித்து. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கோடுகளை அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி, ஈரத் தாளில் அழுத்தி எடுக்கிற படங்கள் அவை. ஓவியர் தானே நாற்பது ஐம்பது பிரதி எடுப்பார். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, நாற்பதில் இது ஏழாவது என்று எண்ணும் இடுவார். அந்தக் கையெழுத்து இருந்தால் அது பொக்கிஷம், இல்லாவிட்டால் வெறும் காகிதம். பதினான்கு படம் சேர்த்திருக்கிறேன். "அத்தனையும் கறுப்பு வெள்ளை. காலண்டராவது கலரா இருக்கும்" என்பது என் மனைவியின் தீர்ப்பு.

சீமைக்குத் திரும்பிவிட்ட கப்பல் கம்பெனித் துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் தூத்துக்குடியில் ஏலம் என்று பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தது. மேஜை, பீரோ, பியானோ, பழங்கால வாள்கள், கையொப்பமிட்ட சித்திரங்கள். கடைசி இரண்டையும் படித்துவிட்டு இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் பெட்டி கட்டினோம். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய் சில்லறை. தூரம் ஏறக்குறைய நூறு மைல். என் மடியில் எழுபத்தைந்து ரூபாய் இருந்தது.

விருதுநகர் வரை நின்றுகொண்டு போனோம். சாத்தூரில் இடம் கிடைத்தது, ஓரணாவுக்கு ஒரு மடி வெள்ளரிப்பிஞ்சும் கிடைத்தது. கோவில்பட்டி தாண்டியதும் மண் கறுத்தது. பருத்திச் செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த ஓட்டப்பிடாரத்துப் பருத்தித் தரகர் ஒருவர் செல்லையாவின் காலிப் பையை வெகு நேரம் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"வாள் வாங்கவா போறிய? சுதந்திரம் வந்த பொறவு யாரை வெட்டப் போறிய?"

"வெட்டறதுக்கில்ல அண்ணாச்சி. மாட்டி வச்சுப் பாக்கறதுக்கு."

"பாக்கதுக்கா? பாக்கதுக்கு எங்க ஊருல பனைமரம் நிக்கி. துட்டும் கிடையாது."

பெட்டி முழுக்கச் சிரித்தது. செல்லையாவும் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அடுத்தபடி என்னைக் கேட்டுவிடுவாரே என்று.

மணியாச்சியில் அரை மணி நேரம் நின்று, தட்டப்பாறை கடந்து, பகல் பன்னிரண்டுக்கு வண்டி தூத்துக்குடி சேர்ந்தது. இறங்கியதும் காற்றில் உப்பும் கருவாடும் மணந்தன. ரயிலடிக்கு எதிரே சைவ ஓட்டல் மாடியில் அறை எடுத்தோம், நாளுக்கு ஒன்றரை ரூபாய். ரேஷன் காலத்துச் சாப்பாடு. சோறு அளவோடும் ரசம் தாராளமாகவும் வந்தது.

பிற்பகல் மூன்று மணிக்குச் சாமான்களைப் பார்க்க அனுமதி. குதிரை வண்டிக்காரர் ஆறணா கேட்டார், நாலணாவுக்கு இறங்கினார். கடற்கரைச் சாலையில் கிடங்குகளைத் தாண்டிப் போகும்போது கடலில் கப்பல் எதையும் காணவில்லையே என்று செல்லையா குறைப்பட்டான்.

"கப்பலு இங்கன வராது தம்பி. தண்ணி பத்தாது. அஞ்சாறு மைலுக்கு அங்கன நிக்கும். தோணிதான் சரக்கை ஏத்திட்டுப் போவும்" என்றார் வண்டிக்காரர். பிறகு சாட்டையால் பங்களாவைக் காட்டினார். "துரை ஏறிப் போயாச்சு. அவரு நாக்காலிதான் இன்னும் ஏறலை."

பங்களா கூடத்தில் கட்டில், பீரோ, பீங்கான் எல்லாவற்றுக்கும் எண் ஒட்டியிருந்தார்கள். ஐந்து வாள்கள் ஒரு நீண்ட மேஜை மேல் கிடந்தன. செல்லையா நேரே அங்கே போனான். வாளை அவன் சோதிக்கிற விதம் ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்க்கிற விதம். முதலில் கைப்பிடியைப் பிடித்து ஆட்டி, உள்ளே ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு அலகை நகத்தால் சுண்டிக் காதில் வைப்பான். விரிசல் இருந்தால் ஓசை செத்துப் போகுமாம். கடைசியில் துரு தின்ற குழிகளை எண்ணிவிட்டு, எண்ணெய் வாசனை பிடிப்பான். அவன் மூக்கை வாளில் வைத்ததும் நான் படங்களைத் தேடிப் போனேன்.

ஆறு படங்கள் கிழக்குச் சுவரில் வரிசையாக இருந்தன. முதலாவது முயல் தீவு கலங்கரை விளக்கம். அடுத்தது சுங்கச் சாவடி. மூன்றாவது நங்கூரம் போட்ட தோணிகள். பிறகு ஒரு உப்பளம், ஒரு சந்தை. ஆறும் ஒரே கை வரைந்தவை. வரைந்தவள் ஒரு வெள்ளைக்கார அம்மாள். முத்துக் குளிப்பைப் பார்க்க வந்தவள் என்று பிறகு தெரிந்தது. கையெழுத்தைப் படித்துவிட்டு, கிட்டப் போய் இன்னொரு தரம் படித்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். சேகரிக்கிறவனின் கஞ்சத்தனம் என்று வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆறாவது படத்தைப் பார்க்க முடியாமல் ஒரு பெண் நின்று மறைத்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுத்த, கட்டான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை, தோளில் ஒரு துணி. பங்களாவைத் துடைக்க வந்த வேலைக்காரி என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. துடைத்தது போதும்" என்றேன்.

அவள் தள்ளி நின்றாள். படம் தெரிந்தது.

வள்ளத்தின் விளிம்பில் ஒரு மனிதன். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் ஒரு கால். ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது, மறு கை மூக்கைப் பிடிக்க உயர்ந்திருக்கிறது. அடுத்த நொடி அவன் கடலுக்குள் போய்விடுவான். நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்து வைத்திருக்கிறான். அந்தக் காற்றைக் கோடுகளால் காட்டியிருந்தாள் அந்த அம்மாள்! கண்கள் திறந்து நேரே நம்மைப் பார்க்கின்றன. இருபது வருஷமாகக் கோடுகளோடு பிழைக்கிறவன் நான், இப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. எழுபத்தைந்து ரூபாயும் போனாலும் சரி, இது எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

"அது எங்க அப்பா" என்றாள் அந்தப் பெண்.

ஏலத்துக்குப் போகிறவன் காதில் இப்படிக் கதைகள் அடிக்கடி விழும். இது எங்கள் பாட்டன் வாள், அது எங்கள் ஜமீன் நாற்காலி என்பார்கள். நான் உம் கொட்டினேன். அவள் அதைப் பொருட்படுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் பெயர் சலேத்தம்மாள். பெரியதாழையில் பிறந்து இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள், மீன் வியாபாரம். கடைசியாக இங்கே முத்துக் குளிப்பு நடந்தபோது, கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்பு, அவளும் அப்பாவோடு கரையில் இருந்தாள். வெள்ளைக்கார அம்மாள் குடை நட்டு உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்தாளாம். சில வருஷம் கழித்து, அப்பா கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணியில் போனார். தோணி திரும்பவில்லை. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. இந்தப் பங்களாவுக்கு மீன் கொடுக்க வரும்போதெல்லாம் குசினிக் கதவு வழியாக இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போவாளாம்.

"துரைசானியைக் கேட்டேன். ஊருக்குப் போவும்போது தாரேன்னு சொன்னாவ. திடீர்னு போயிட்டாவ. இப்பம் ஏலத்துல கிடக்கு." என்னை நேரே பார்த்தாள். "நாளைக்கு நீங்களும் இதைக் கேப்பியளோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "கேட்பேன்" என்றேன்.

"கேளுங்க. ஏலம்னா நாலு பேரு கேக்கத்தானே செய்வாவ. எங்கிட்ட பன்னெண்டு ரூவா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தோள் துணியை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போட்டிக்கு வருகிறவனிடம் கையிருப்பைச் சொல்லிவிட்டுப் போகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அன்று மாலை மக்ரூன் வாங்கித் தின்றோம். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்ந்து வாயில் கரைகிற பண்டம். எனக்கு அது இனிக்கவில்லை, பன்னிரண்டு ரூபாய் நினைவு வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணி. செல்லையாவுக்குக் கடல் பார்க்க ஆசை. கரையில் வள்ளங்கள் வந்து இறங்கியிருந்தன. மணலில் மீன் குவியல்களைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் குரல் மட்டும் கடலிரைச்சலுக்கு மேல் கேட்டது. வயது அறுபதுக்குக் குறையாது, வெண்தலை, தொண்டை மட்டும் முப்பது. "மூணேகால், மூணேகால், மூணரை! ஏளா சலேத்து, வாயைத் தொறயேன்!" என்று அவர் கூவ, கூட்டத்தில் நின்ற சலேத்தம்மாள் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். குவியல் அவள் கூடைக்குப் போயிற்று.

அந்தக் கூவுகாரர் பெயர் மிக்கேல். டீக்கடையில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பங்களா ஏலத்துக்கும் தமிழில் கூவ அவரைத்தான் அமர்த்தியிருக்கிறார்கள் என்றார். நான் முத்து ஏலத்தைப் பற்றிக் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது ராசா ஏலம்லா! சிப்பியைத் தொறக்காமத்தான் விப்பாவ. ஆயிரம் ஆயிரமா எண்ணிக் குவிச்சிருக்கும். உள்ள முத்து இருக்கா, வெறும் சதையான்னு எவனுக்குத் தெரியும்? மொதக் குவியலை நான் கூவுவேன். எவன் எடுத்தானோ, அவன் அதே விலைக்கு இன்னும் வேணுங்கிற குவியலைப் பாத்து எடுத்துக்கிடலாம். ஒண்ணு வேணுமா ஒண்ணு, பத்து வேணுமா பத்து. அவன் போதும்னு சொன்ன பொறவுதான் அடுத்தவனுக்குக் கூவணும். அதான் வழக்கம்."

"அடுத்த குளிப்பு எப்போது?"

"பாருல குஞ்சுச் சிப்பி கெடக்குன்னு சங்கு குளிக்கப் போற பயலுவ சொல்லுதானுவ. வரும். நான் செத்தாலும் எந் தொண்டை வந்து கூவும்" என்று சிரித்தார். கடலுக்கு அடியில் சிப்பி விளைகிற இடத்துக்கு அங்கே பார் என்று பெயர். டீக்கு அவரே காசு கொடுத்தார், வெளியூர்க்காரன் கொடுக்கக்கூடாதாம்.

பத்து மணிக்கு ஏலம் தொடங்கியது. நடத்தியவர் பட்டணத்து ஏலக்காரர் ஒருவர். வெள்ளைக் கோட்டு, கையில் சின்ன மரச் சுத்தியல். அவர் இங்கிலீஷில் சொல்வார், மிக்கேல் தமிழில் கூவுவார். நாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு இடது பக்கம் பட்டணத்திலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் சுருட்டோடு சாய்ந்திருந்தார். படங்களுக்கு வந்திருக்கிறார் என்பது அவர் ஆறாவது படத்தைப் பார்க்காமல் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. நானும் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். சலேத்தம்மாள் மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து தூண் ஓரம் நின்றாள்.

வாள்கள் முதலில் வந்தன. குதிரைப் படைக்காரர் வளைந்த வாளுக்குச் செல்லையா நாற்பது வரை போனான். ஜமீன் ஆள் ஒருவர் எண்பத்தைந்துக்கு எடுத்துவிட்டார். செல்லையாவின் முகம் தொங்கிப் போயிற்று. மூன்றாவதாகச் சிப்பி வடிவக் கைக்காப்பு வைத்த குட்டை வாள் ஒன்று வந்தது, உறைகூட இல்லை. யாரும் கேட்கவில்லை. இவன் இருபத்திரண்டு ரூபாய்க்கு எடுத்தான். உட்கார்ந்ததும் என் காதில், "ஒல்லாந்தக்காரன் வாள் அத்தான்! சுண்டிப் பாத்தேன், கோயில் மணி மாதிரி கேக்குது. அந்த வளைஞ்சதுல விரிசல் இருக்கு, ஜமீன் ஆள் சுண்டவே இல்ல" என்றான். தோற்றது போலத் தொங்கின முகம் எவ்வளவு நடிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு படங்கள். அந்த நேரம் பார்த்து ஜமீன் ஆள் வாளுக்கு உறை எங்கே என்று ஏலக்காரரிடம் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார். ஏலக்காரர் குனிந்து பதில் சொல்லிக்கொண்டே, மேலே ஆகட்டும் என்று மிக்கேலுக்குக் கையசைத்தார். மிக்கேல் சுவரைப் பார்த்தார். ஆறு படங்கள், ஒரே அளவு, வரிசையாக. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவினார்:

"படம் ஆறு! மொதப் படத்தை எடுக்கவுக அதே விலைக்கு வேணுங்கிறதைப் பாத்து எடுத்துக்கிடலாம்! கேளுங்க, கேளுங்க!"

கேட்டது. தெளிவாகக் கேட்டது. கிழவனார் பழைய ஞாபகத்தில் சிப்பி விற்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்தேன். காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. என் திட்டம் எனக்குப் பெரிதாக இருந்தது. கலங்கரை விளக்கத்துக்கு ஒரு காசும் செலவழிக்கக்கூடாது, அத்தனையையும் ஆறாவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். வியாபாரியும் அதே கணக்கில் சுருட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வாத்தியார் ஐந்து ரூபாய் என்றார். சலேத்தம்மாள் ஐந்தே கால் என்றாள். சுத்தியல் விழுந்தது.

அவள் நேரே மேடைக்கு வந்தாள். "இதும், அந்தக் கடைசியும். அதே விலை. பத்தரை ரூவா" என்று மடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

ஏலக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "அப்படி ஒரு விதி இங்கே இல்லை, அம்மா. ஒவ்வொரு படமும் தனித்தனி" என்றார்.

பின்னாலிருந்து ஊரே எழுந்தது. "மிக்கேலு கூவினாம்லா!" "கூவினது கூவினதுதான்!" மிக்கேல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கூவினாயா?" என்றார் ஏலக்காரர்.

"கூவிட்டேன் போல இருக்கு, ஐயா. இருவது வருசமா தொண்டையில கெடந்தது. நழுவிட்டு."

வியாபாரி சுருட்டை எடுத்தார். "நான் கேட்கவில்லை. இவர்கள் எல்லாரும் ஒரே ஊர், ஒரே கோயில். சொல்லத்தான் சொல்வார்கள். இந்தக் கூவுகாரரும் உடந்தை. ஏலத்தைத் தொடருங்கள்."

ஏலக்காரர் யோசித்தார். பிறகு சபையைப் பார்த்து, "இந்த ஊர்க்காரர் அல்லாதவர் யாராவது கேட்டீர்களா? ஒருவர் சொன்னால் போதும்" என்றார். அவர் கண் முன் வரிசையில் வந்து என் மேல் நின்றது.

நான் தரையைப் பார்த்தேன். சிவப்புத் தரை, நல்ல வழவழப்பு. எழுபத்தைந்து ரூபாயில் நாலு ரூபாய்தான் செலவாகியிருந்தது. கேட்கவில்லை என்றுகூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஐந்து நிமிஷத்தில் அந்தக் கண்கள் எனக்கு வந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சும்மாதான் இருந்தேன். ஏலக்காரர் சுத்தியலை எடுத்துவிட்டார்.

செல்லையா மடியில் வாளை வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டான்: "அத்தான், உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?"

எழுந்தேன். "கேட்டேன்" என்றேன். பின்வரிசை வரை கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன். "முதல் படத்தை எடுக்கிறவர் அதே விலைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று கூவினார். நான் மதுரைக்காரன். அந்த ஆறாவது படத்துக்காகத்தான் வந்தேன்."

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஆனால் ஏலக்காரரை அசைத்தது அதுதான். மரியாதைப்பட்ட மனிதர். "என் மேடையில் சொன்னது என் வாக்கு" என்று சொல்லி மேஜையில் தட்டினார். வியாபாரி சுருட்டை அணைத்துவிட்டு வெளியே போனார். அப்புறம் நான் மூன்றாவது படத்தை, நங்கூரம் போட்ட தோணிகளை, பதினான்கு ரூபாய்க்கு எடுத்தேன். நல்ல படம்தான். அன்றைக்கு அது கண்ணில் ஏறவில்லை. மிக்கேலின் வாய் தானாக நழுவியதா, காலையில் டீக்கடைக்கு வரும் முன்பே நழுவத் தீர்மானித்துவிட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மதியம் ஒரு மணி. சலேத்தம்மாள் பின் வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படத்தை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். கலங்கரை விளக்கத்தை அந்த வாத்தியாருக்கே ஐந்தே காலுக்குக் கொடுத்துவிட்டாளாம். கண்ணாடியைத் தோள் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். 'துடைத்தது போதும்' என்று நேற்று நான் சொன்னது நினைவு வந்து கூசியது.

"கடலு அப்பாவைத் திருப்பித் தரலை அண்ணாச்சி. ஏலத்துலதான் எடுத்தேன்" என்றாள். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உடனே வியாபாரிப் பேச்சுக்கு வந்துவிட்டாள். "பெரியதாழையில தம்பிமாரு மூணு பேரு இருக்கானுவ. படத்தைப் பாத்தா ஆளுக்கு ஆள் எனக்குத்தான்னு நிப்பானுவ. நாலு வீட்டுக்கும் ஒரே அப்பாதான இருக்காவ?"

என் தொழில் இதுதான் என்று சொன்னேன். படத்தை மதுரைக்குக் கொண்டுபோய்த் தகடு செய்து, நல்ல தாளில் எத்தனை வேண்டுமானாலும் அச்சடித்துத் தரலாம். மூலத்தைத் தை மாதத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன். சொல்லும்போதே எனக்கு மனது துள்ளியது.

"ஆனால் பிரதியில் கையெழுத்துக்கு மதிப்புக் கிடையாது. அச்சில் வந்த கையெழுத்து செல்லாது" என்று எச்சரித்தேன்.

"எந்தக் கையெழுத்து?"

கீழே பென்சில் எழுத்தைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "இது யாரு பேரு?"

"வரைந்த அம்மாள் பெயர்."

"சரி. இது?"

"முத்துக் குளிப்பவர், தூத்துக்குடி. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது."

"அப்பா பேரு எங்கன?"

நான் மறுபடி பார்த்தேன். பின்பக்க அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். "இல்லை" என்றேன்.

அவள் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தாள். "இம்புட்டு மூச்சையும் வரைஞ்சிருக்காவ. பேரைக் கேக்கலையாக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, எதையோ மறந்துவிட்டுப் போன விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். "அப்பம் நீங்க போடுங்க."

நாலு மணி வண்டி. ரயிலடிக்கு அவளே படத்தைப் பழம்புடவையில் சுற்றி, மேலே பனையோலைப் பாய் கட்டிக் கொண்டுவந்தாள். மிக்கேல் ஒரு பொட்டலம் மக்ரூன் கொண்டுவந்தார். படத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு எழுதித் தருகிறேன் என்று காகிதத்தை எடுத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா கடலுக்குள்ள இறங்கும்போது மேல கயிறு பிடிச்சது எங்க அம்மா கூடப்பிறந்த மாமன். தங்கச்சி தாலின்னு நெனச்சு எவன் பிடிப்பானோ அவங்கிட்டத்தான் கயித்தைக் குடுப்பாவ. சீட்டு எழுதியா வாங்குனாவ?" செல்லையாவைக் காட்டி, "இவுக உங்க மச்சினன்தான? உங்களை ஒழுங்காப் பிடிச்சுக்கிடுவாவ. போயிட்டு வாங்க" என்றாள்.

"நான் பிடிச்சுக்கிறேன்க்கா" என்றான் செல்லையா, வாளிருந்த பையைத் தட்டிக்கொண்டே.

எடுத்த காகிதத்தை என்ன செய்வது? "அப்பா பெயரைச் சொல்லுங்கள்" என்றேன். வண்டி ஊதியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். எழுதிக்கொண்டதை அவளுக்குத் திருப்பிக் காட்டினேன். அவள் வாசிக்கத் தெரியாதவள் என்று அப்போதுதான் தெரிந்தது. மிக்கேல் வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்து, சரி என்றார்.

மதுரை போய்ச் சேர்ந்ததும், என் பதினான்கு படங்களுக்கு எதிரே நின்று, புதிதாக வந்த தோணிப் படத்தைப் பதினைந்தாவதாக மாட்டினேன். அவற்றில் உழுகிறவன் உண்டு, நெய்கிறவள் உண்டு, தண்ணீர் சுமக்கிறவள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓவியர் பெயர் எனக்கு மனப்பாடம். உழுகிறவன் யார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

தகடு நன்றாக வந்தது, கண்கள் நன்றாக வந்தன. கீழே பெயரை அச்சுக்கோப்பவரிடம் கொடுக்காமல் நானே எழுத்துப் பெட்டி முன்னால் நின்று கோத்தேன்: ச, ந், தி, யா, கு.